ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கேள்வி: இந்தியாவில் ஏர்பஸ் 320 விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். 2,300 மணி நேரம் பறந்திருக்கிறேன். மாதம் மூன்றரை லட்சம் ரூபாய் சம்பளம். வளைகுடா நிறுவனம் ஒன்று பெரிய விமானத்தில் துணை விமானி வேலை தருகிறது. எல்லாம் சேர்த்து மாதம் 36,000 திர்ஹம், வீடும் அவர்களே கொடுக்கிறார்கள். நவம்பரில் சேரச் சொல்கிறார்கள். மனைவியும் ஐந்து வயது மகளும் இருக்கிறார்கள். போகலாமா? வெளிநாட்டில் விமானி வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்:

தம்பி, நான் வளைகுடாவில் ஆறு வருடமும் அப்புறம் ஏஜென்சி வழியாகச் சீனாவில் மூன்றரை வருடமும் பறந்தவன். இப்போது இந்தியாவில் சிமுலேட்டர் பயிற்சி கொடுக்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராவது காபி நேரத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் சம்பளம்தான் முதலில் வருகிறது. ஒப்பந்தத்திலும் அது முதல் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் அந்தத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். வேலையை விட்டு எப்படி வெளியே வருவது, அவர்கள் உங்களை எப்படி வெளியே அனுப்பலாம், மெடிக்கலில் தவறிப்போனால் என்ன ஆகும், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதெல்லாம் பின்பக்கங்களில்தான் இருக்கும். நான் போன முதல் முறை முன்பக்கத்தைத்தான் பார்த்தேன்.

சரி, முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். திர்ஹமுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 36,000 திர்ஹம் என்பது எட்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. அங்கே வருமான வரி கிடையாது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, அதனால் ரூபாய் இறங்க இறங்க உங்கள் சம்பளம் இங்கே ஏறும். செலவு என்று பார்த்தால், வீட்டை நிறுவனம் கொடுத்தாலும் சாப்பாடு, கார், மின்சாரம், ஊருக்கு வந்துபோவது என்று ஒரு சிறு குடும்பத்துக்கு மாதம் 12,000 முதல் 15,000 திர்ஹம் கரைந்துவிடும். பள்ளிக் கட்டணம் இந்தியப் பாடத்திட்டம் என்றால் ஆண்டுக்கு 10,000 முதல் 20,000 திர்ஹத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் பள்ளி என்றால் 50,000 தாண்டுவது சாதாரணம். நிறுவனம் பள்ளிக்கு எவ்வளவு தருகிறது, எந்த வயதிலிருந்து தருகிறது என்று கேளுங்கள். எல்லாம் போக மாதம் 20,000 திர்ஹம், அதாவது நாலே முக்கால் லட்சம் ரூபாய் மிஞ்சலாம். இங்கே மூன்றரை லட்சத்தில் வரி போக இரண்டே முக்கால் லட்சம் கைக்கு வருகிறது. அதில் ஒன்றரை லட்சம் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வைத்தால், மாதத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். சின்னத் தொகை இல்லை.

ஆனால் ஒப்பிட வேண்டியது இன்றைய உங்களையும் நாளைய உங்களையும். 2,300 மணி நேரம் பறந்த ஏர்பஸ் துணை விமானிக்கு இன்றைய இந்தியாவில் கேப்டன் பதவி ரொம்ப தூரத்தில் இல்லை. புது விமானங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, நாலு பட்டைக்கு, அதாவது கேப்டன் பதவிக்கு, ஆள் தேவை இருக்கிறது. இங்கே கேப்டனாகி மாதம் எட்டு லட்சம் வாங்கினால், சர்சார்ஜ் உட்பட எல்லா வரியும் போக ஐந்தரை லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். அங்கே நீங்கள் சீனியாரிட்டி வரிசையின் கடைசி ஆளாகச் சேருவீர்கள். நான் இருந்த காலத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவர்கள் கேப்டன் ஆக ஐந்தாறு வருடம் ஆனது. நிறுவனம் விரியும்போது அது சுருங்கும், நெருக்கடி வந்தால் நின்றே போகும். இங்கிருந்து கேப்டன் பட்டையோடும் கையில் நல்ல கேப்டன் மணிகளோடும் போகிறவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. துணை விமானியாகப் போனால் உலகம் பார்க்கலாம், பெரிய விமானம் கற்றுக்கொள்ளலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணம்தான் காரணம் என்றால், இங்கே கேப்டன் பதவிக்காகக் காத்திருக்கும் இரண்டு வருடத்துக்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள்.

அடுத்து, 36,000 என்ற எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பறக்கும் மணிக்கு எவ்வளவு, வெளியூரில் தங்கும் படி எவ்வளவு? ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி பணி முடியும்போது தரும் தொகை முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அந்த நாள் சம்பளம் பேசிக்கை வைத்து மட்டும்தான் கணக்கிடப்படும். பேசிக் 18,000 என்றால் உங்கள் முடிவுத் தொகை அதை வைத்துத்தான், 36,000 என்று நீங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததை வைத்து அல்ல. சில நிறுவனங்கள் இதற்குப் பதிலாக வைப்பு நிதி வைத்திருக்கின்றன. அதில் அவர்கள் போடும் பங்கு எத்தனை வருடம் கழித்து முழுதாக உங்களுடையதாகிறது என்று பார்க்க வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி மாதங்களில் பறக்கும் பணம் வராது. பெரிய விமானத்துக்கு மாறும் பயிற்சியே மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அந்த மாதங்களில் கைக்கு என்ன வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பறக்கும் மணி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் வீட்டாருக்காகச் சொல்கிறேன். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. அதற்கு முன்னால் சீருடை போட்டு, வண்டி பிடித்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி, வானிலையும் எரிபொருளும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நேரம் அதில் வராது. நடுவில் இன்னொரு ஊரில் பயணிகள் இறங்கி ஏறும் ஒன்றரை மணி நேரமும் வராது. எட்டு மணி நேரத்துக்குப் பணம் வாங்க, வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை பதின்மூன்று மணி நேரம் போயிருக்கும்.

அப்படி ஒரு இரவைக் காட்டுகிறேன். வளைகுடா விமான நிலையங்கள் அலை அலையாக இயங்குகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களை நள்ளிரவில் வாங்கி இந்தியாவுக்கு அனுப்புவார்கள், இந்தியாவிலிருந்து விடியலில் வருகிறவர்களை மேற்கே அனுப்புவார்கள். அதனால் இந்தியப் பயணங்களில் பெரும்பகுதி ராத்திரியில்தான். இரவு ஒன்பதரைக்கு ரிப்போர்ட். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, படுக்கப்போகும் நேரம் நான் சட்டைக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். பகலில் தூங்கினேனா என்றால், திரைச்சீலையைத் தாண்டி வரும் வெயிலில் இரண்டு மணி நேரம் புரண்டிருப்பேன். பதினொன்றுக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால், இந்திய நேரம் அதிகாலை நான்கரை வாக்கில் கொச்சியில் இறக்கம். பயணிகள் இறங்கிச் சொந்தக்காரர்களைக் கட்டிக்கொள்ளும்போது நாங்கள் அதே இருக்கையில் உட்கார்ந்து, ஆறிய டீயைக் குடித்துக்கொண்டு, திரும்பும் பயணத்துக்கு எண்களைத் தட்டிக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போது சூரியன் முதுகுப் பக்கம் எழும். வந்து இறங்கும் நேரத்தில் ஓடுபாதையைப் பார்க்கும் கண்ணில் மணல் போட்டது போல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒரு எண்ணைச் சொல்வார், அது காதில் விழும், மூளைக்குப் போக ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்குத்தான் நான் பயந்தேன். இப்படி வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி, நடுவில் ஒரு பகல் வேலை, அப்புறம் ஒரு ஐரோப்பா. உடம்புக்கு எது ராத்திரி என்றே தெரியாமல் போய்விடும். உடல் கடிகாரம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். வளைகுடா - இந்தியா வேலை அந்த நேரத்தின் மேல்தான் நிற்கிறது.

2010 மே 22 அன்று மங்களூரில் நடந்ததை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்வேன். முந்தைய இரவு மங்களூரிலிருந்து துபாய் போய், அதே குழு அதே விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. அந்த போயிங் 737, காலை ஆறு மணி அளவில் மேட்டின் மேல் இருக்கும் ஓடுபாதையில் மிகவும் தள்ளி இறங்கி, முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் இந்தியாவில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த செர்பியா நாட்டுக்காரர். பத்தாயிரம் மணிக்கு மேல் பறந்த அனுபவசாலி. இரண்டு மணி நேரக் குரல் பதிவில் பெரும்பகுதி அவர் தூங்கியிருந்தார், குறட்டைச் சத்தமே பதிவாகியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பக்கத்தில் இருந்த இந்தியத் துணை விமானி மூன்று முறை, இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்றார். கேப்டன் கேட்கவில்லை.

இதை வெளிநாட்டுக்காரர் தவறு என்று முடித்துவிடாதீர்கள். குடும்பம் ஒரு கண்டத்தில், வேலை இன்னொரு கண்டத்தில், விடுப்பு முடிந்து வந்ததும் ராத்திரிப் பறப்பு என்பது அந்த வேலையின் இயல்பான வடிவம். நாளைக்குக் கேப்டனின் இடது இருக்கையில் வேறொரு நாட்டு நிறுவனத்தில் உட்காரப் போகிறவர் நீங்கள். வலது இருக்கையில் இருப்பவரும் வேறு நாட்டுக்காரர், அவருக்கும் வேலை ஒப்பந்தத்தில்தான். 'வேண்டாம் கேப்டன்' என்று சொல்லும் தைரியம் ஒரு ஆளுக்குள் மட்டும் இல்லை. அந்த ஆளின் வேலைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

மணிக்கணக்குக்கு விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஐரோப்பிய விதி 28 நாளில் 100 மணி, காலண்டர் ஆண்டில் 900 மணி என்கிறது. வளைகுடா விதிகளும் அதை ஒட்டியவைதான். ஆனால் எல்லை என்று எழுதப்பட்டதைப் பல நிறுவனங்கள் இலக்காக எடுத்துக்கொள்கின்றன. பெரிய விமானத்தில் நாலு விமானிகள் போகும்போது, படுக்கையில் ஓய்வெடுத்த நேரத்தை உங்கள் மணிக்கணக்கில் சேர்க்கிறார்களா, கழிக்கிறார்களா என்று கேளுங்கள். கழித்தால், தாளில் 80 மணி பறந்தவர் நிஜத்தில் நூற்றுக்கு மேல் வீட்டை விட்டு வானத்தில் இருந்திருப்பார். களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க முடியாது என்று எழுதிக் கொடுக்கும் படிவம் எல்லா இடத்திலும் உண்டு. நான் இருந்த நிறுவனத்தில் ஒரு முறை கொடுத்தேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் மிகவும் மரியாதையாகப் போன் செய்து, முந்தைய இரண்டு நாள் ஓய்வில் என்ன செய்தீர்கள் என்று மணி மணியாகக் கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. அது என் தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பள்ளிக் கட்டணம், ஊரில் வீட்டுக் கடன், சட்டைப்பையில் அவர்கள் கொடுத்த விசா எல்லாம் சேர்ந்து அந்தத் தவறைச் செய்ய வைத்தன.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கம் கிடையாது, வேலைநிறுத்தம் சட்ட விரோதம். இங்கே நாம் குறை சொல்லிக்கொண்டே இருந்தாலும், நீதிமன்றத்துக்குப் போகச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே உங்களுக்காகப் பேச உங்கள் மேலதிகாரி மட்டும்தான். சங்கம் இருந்த இடத்திலும் கதை எளிதல்ல. ஹாங்காங்கில் கேத்தே பசிபிக் விமான நிறுவனம் 2001 ஜூலையில் ஒரே நாளில் 49 விமானிகளை வேலையிலிருந்து எடுத்தது. விதியில் உள்ள அளவுக்கு மட்டும் வேலை பார்ப்பது என்று சங்கம் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த விமானிகள் வழக்குப் போட்டார்கள். ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது 2012. பதினொரு வருடம்! அந்த வயதில் வேலை இழந்த ஒரு கேப்டனுக்குப் பதினொரு வருடம் என்றால் மிச்ச வாழ்க்கையில் பாதி.

அப்புறம் சீனா. 2016 வாக்கில் சீன நிறுவனங்கள் வெளிநாட்டுக் கேப்டன்களுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் வரை கொடுக்க முன்வந்தன, வரியையும் அவர்களே கட்டினார்கள். ஏர்பஸ் 320 ஓட்டுகிறவருக்கு அப்போது வேறு எங்கும் அப்படிப் பணம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் போனேன். மெடிக்கலே ஒரு வடிகட்டி. இந்தியாவில் எந்தக் குறையும் இல்லாமல் பல வருடம் பாஸ் ஆனவர்கள், வயிற்று ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டி என்று அங்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆறு வாரம் வேலை, மூன்று வாரம் வீடு என்ற ஒப்பந்தம் எனக்கு. உயரத்தை அடியில் அல்ல, மீட்டரில் சொல்வார்கள். மற்ற விமானங்களோடு கட்டுப்பாட்டு அறை சீன மொழியில் பேசும்போது, நமக்கு முன்னால் யார் போகிறார், யார் திரும்புகிறார் என்று காதால் தெரிந்துகொள்ளும் வழி இல்லை, கண்ணை மட்டும் நம்ப வேண்டும். விமானத்தின் பதிவுப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு இறக்கத்தையும் கணினி படிக்கும். கொஞ்சம் அழுத்தி இறங்கினால், வேகம் கொஞ்சம் கூடினால், அந்த மாதச் சம்பளத்தில் வெட்டு விழும். மெத்தென்று இறங்க வேண்டும் என்ற பயத்தில் ஓடுபாதையில் தள்ளி இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் பயிற்சியாளனாக இன்றைக்கும் கவலையோடுதான் சொல்கிறேன். ஈரமான பாதையில் அழுத்தி இறங்குவதுதான் சரியான இறக்கம்.

2020 ஜனவரியில் பொங்கலுக்காகத் திருச்சி வந்திருந்தேன். சீனாவில் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் ஏஜென்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல், ஆறு வரிதான். மறு அறிவிப்பு வரும் வரை சம்பளமில்லா விடுப்பு. அந்த மாதம் சீனாவில் பறந்த வெளிநாட்டு விமானிகள் நிறையப் பேருக்கு இதே கடிதம் வந்தது. மறு அறிவிப்பு எனக்கு வரவே இல்லை. அப்போதுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நான் அந்த விமான நிறுவனத்தின் ஊழியனே அல்ல, வேறொரு நாட்டில் பதிவான ஏஜென்சியோடுதான் எனக்கு ஒப்பந்தம். தகராறு என்றால் மூன்றாவது ஒரு நாட்டில் மத்தியஸ்தம், செலவு என்னுடையது. 'பறக்கத் தேவை இல்லாத காலத்துக்கு' நிறுவனம் பணம் தரக் கடமைப்பட்டதல்ல என்று ஒரு வரி. கையெழுத்து என்னுடையதுதான். அங்கே வாடகை வீட்டில் என் சீருடை, இரண்டு ஜோடி ஷூ, இட்லி மாவு அரைக்கக் கொண்டுபோன சின்ன கிரைண்டர் எல்லாம் இருந்தன. ஏழு மாதம் கழித்து ஒரு சீனத் துணை விமானி அவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தான், செலவுக் காசு வாங்க மறுத்துவிட்டான். அவனை நான் மறக்க மாட்டேன்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்காங்கில் கேத்தே பசிபிக்கின் துணை நிறுவனமான கேத்தே டிராகன் மூடப்பட்டது, குழுமம் முழுவதுமாக 5,900 பேர் வேலை இழந்தார்கள். மிஞ்சியவர்கள் குறைந்த சம்பளத்தில் புது ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. வளைகுடாவிலும் துணை விமானிகள் நூற்றுக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். சொந்த நாட்டில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். அங்கே வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும், பிள்ளையின் பள்ளி பாதியில் நிற்கும். வீட்டை நீங்களே எடுத்திருந்தால் வருடத்துக்கான வாடகைக் காசோலைகளை முன்கூட்டியே கொடுத்திருப்பீர்கள். கார் கடன் இருந்தால் வேலை முடிந்த செய்தி கிடைத்ததும் வங்கி உங்கள் கணக்கை முடக்கலாம். இதனால்தான் சொல்கிறேன், போகிறவர்கள் அங்கே கடன் எதுவும் வாங்காதீர்கள், ஆறு மாதச் செலவை இந்தியக் கணக்கில் தனியாக வையுங்கள்.

இந்தியாவில் இருந்தால் பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, அதற்கு முன்பே பல மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது. என் நண்பர்கள் சிலருக்கு அந்தப் பணம் முழுதாக வரவே இல்லை. அப்போது அவர்களில் பலரைக் காப்பாற்றியது வளைகுடா வேலைதான். நல்லதையும் சொல்ல வேண்டும். நான் இருந்த ஆறு வருடத்தில் சம்பளம் ஒரு நாள் தாமதமானதில்லை. சிமுலேட்டரில் கொடுத்த பயிற்சி அருமையானது. ஒரே மாதத்தில் நைரோபியில் மழையும் மாஸ்கோவில் பனியும் பார்த்தேன். அறுபது நாட்டுக்காரர்களோடு விமானம் ஓட்டினேன். இன்று சிமுலேட்டரில் நான் சொல்லிக்கொடுப்பதில் பாதி அங்கே கற்றது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. விமானியின் சொத்து ஒன்றாம் வகுப்பு மெடிக்கல் சான்றிதழ்தான். அது போனால் 38 வயதிலும் எல்லாம் நின்றுவிடும். லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டை நிறுவனம் தருகிறதா, எத்தனை மாதச் சம்பளத்துக்கு, முதுகு வலி, மனச்சோர்வு போன்றவற்றை விலக்கி வைத்திருக்கிறதா என்று படியுங்கள். நிறுவனக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும், அதனால் இங்கேயும் ஒன்று சொந்தமாக எடுங்கள். ஓய்வூதியமும் கிடையாது. வணிக விமானத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க முடியாது. அதற்குள் சேர்த்ததுதான்.

வேலைக்காக எவனாவது உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) 500 மணியும் தருகிறோம், இத்தனை லட்சம் கட்டுங்கள்' என்று சொல்கிறவர்கள் உங்களை விமானியாகப் பார்க்கவில்லை, பயணச்சீட்டு வாங்கும் ஆளாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது அப்படி இல்லை, ஆனால் பாண்ட் இருக்கும், அதாவது குறித்த காலத்துக்கு முன்னால் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒப்புதல். எத்தனை வருடம், மாதா மாதம் குறையுமா அல்லது கடைசி நாள் வரை முழுத் தொகையா, அவர்களே உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்குத் தாளில் பதில் இல்லை என்றால் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு இந்தியத் துணை விமானியைப் பிடியுங்கள். சம்பளச் சீட்டைக் கேட்காதீர்கள், சங்கடப்படுவார். கடந்த மூன்று மாத ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ராத்திரி, எத்தனை ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருக்கும் நாள்), கேட்ட விடுப்பில் எத்தனை கிடைத்தது என்று உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அந்த மூன்று தாளில் உங்கள் வீட்டு வாழ்க்கை தெரிந்துவிடும்.

கடைசியாக அந்த நவம்பர் தேதி. இந்திய விதிப்படி 2017 முதல் கேப்டனுக்கு ஒரு வருடமும் துணை விமானிக்கு ஆறு மாதமும் நோட்டீஸ். அதை மதித்துப் போங்கள், சொல்லாமல் போனவர்கள் மேல் வழக்குகள் நடந்திருக்கின்றன, இந்த உலகம் சின்னது. வருமான வரிக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகும் இந்தியர் அந்த நிதியாண்டில் இங்கே 182 நாள் இருந்துவிட்டால் இந்தியவாசிதான். நவம்பரில் கிளம்பினால் அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். மார்ச் வரையிலான ஐந்து மாதத் திர்ஹம் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டும், உங்கள் எண்களுக்கு அது 15 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். ஏப்ரலில் சேர்ந்தால் அந்த வரி இல்லை. அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன, மகள் நடு வருடத்தில் பள்ளி மாற வேண்டாம். ஐந்து மாத சீனியாரிட்டி போகும், உண்மைதான். அதே ஐந்து மாதத்தில் உங்கள் இப்போதைய நிறுவனத்தில் கேப்டன் தேர்வுக்கு உங்கள் முறை வருகிறதா என்று டிரெயினிங் டிபார்ட்மென்ட்டில் கேட்டுவிடலாம். ஏப்ரலுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் அந்தக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.